அல்ஃப் எந்தப் படியில்?

குழு: கும்பகோணத்துக் குடும்பம்

விஜயா: (படம்) கொலு வைத்தாயிற்று. இந்த வருஷம் ஒன்பது படி. பேஸ்மெண்ட்டில் பொம்மைப் பெட்டியைத் தேடும்போது கார்த்திக்கின் பழைய அல்ஃப் பொம்மை கிடைத்தது. தூக்கிப் போட மனசு வரவில்லை. அதையும் வைத்துவிட்டேன்.

ராமு: அக்கா, ஐந்தாம் படியில் பூனைக்குப் பக்கத்தில் பழுப்பாக, மூக்கும் முழியுமாக உட்கார்ந்திருக்கிறதே, அதுவா? எறும்புதின்னி என்று நினைத்தேன்.

கார்த்திக்: அம்மா!! பூனைக்குப் பக்கத்திலா வைத்தாய்? அவன் ஊரில் பூனைதான் சாப்பாடு. அந்த வீட்டுப் பூனை லக்கியை எப்போது தின்னலாம் என்றே அலைந்தவன்.

பாட்டி: யாருடா அது? பூனை தின்கிறவனையா கொலுவில் வைத்திருக்கிறாள்?

கார்த்திக்: டிவி தொடர் பாட்டி. 1986-லிருந்து 1990 வரை, திங்கட்கிழமை இரவு எட்டு மணிக்கு வரும். மெல்மாக் என்ற கிரகத்திலிருந்து தப்பி வந்து ஒரு குடும்பத்தின் கராஜ் மேல் விழுந்துவிடுவான். அவர்களும் அவனைச் சமையலறையில் ஒளித்து வைத்துக் காப்பாற்றுவார்கள். வயது 229. அவன் கிரகம் ஏன் வெடித்தது தெரியுமா? எல்லோரும் ஒரே நேரத்தில் ஹேர் டிரையர் போட்டுவிட்டார்களாம்.

விஜயா: மெல்மாக் என்பது இங்கே அமெரிக்காவில் பழைய மெலமைன் தட்டின் பெயர். பெயரைக் கேட்டதும் சிரித்துவிட்டேன். நம்மூரில் ஒருவன் எவர்சில்வர் கிரகத்திலிருந்து வந்த மாதிரி.

நிவேதா: அத்தான், அது பொம்மையா, வேஷம் போட்ட ஆளா?

கார்த்திக்: பெரும்பாலும் பொம்மை. அதை உருவாக்கிக் குரலும் கொடுத்த பால் ஃபுஸ்கோ கீழே இருந்து ஆட்டுவார். அதற்காக செட்டையே தரையிலிருந்து உயர்த்திக் கட்டி, தளத்தில் அங்கங்கே பள்ளம் விட்டிருந்தார்கள். சோபாவுக்குப் பின்னால் ஒன்று, சமையல் மேடைக்குப் பின்னால் ஒன்று. நடிகர்கள் கால் வைக்கும் இடத்தைப் பார்த்துப் பார்த்து நடக்க வேண்டும். அரை மணி நேரக் காட்சியை எடுத்து முடிப்பதற்குள் உயிர் போய்விடுமாம்.

பாட்டி: நம்ம ஊர் பொம்மலாட்டத்தில் ஆள் மேலே நின்று கயிறு பிடிப்பான். இவன் கீழேயிருந்தா? சரி, பள்ளத்தை மூடி வைத்தார்களா? யாராவது விழுந்து தொலைக்கப் போகிறார்கள்.

ராமு: முப்பத்தைந்து வருஷம் கழித்துக் கவலைப்படுகிறாய் அம்மா. விஷயத்துக்கு வருவோம். ஐந்தாம் படி ஐயறிவுக்கு. இவன் பேசுகிறான், எதிர்த்து வாதாடுகிறான், ஃபோன் பில்லை ஏற்றிவிடுகிறான். ஆறாம் படிக்குத்தான் போக வேண்டும்.

பாட்டி: உடம்பெல்லாம் மயிர். அது விலங்கு.

விஜயா: அப்படிப் பார்த்தால் ஆஞ்சநேயரை எந்தப் படியில் வைப்பது?

பாட்டி: ...

பாட்டி: சரி, ஆறு.

நிவேதா: அத்தை, எட்டாம் படியில் நவக்கிரகத்துக்குப் பக்கத்தில் இறக்கை வைத்து ஒன்று நிற்கிறதே?

விஜயா: அது ஏஞ்சல். பக்கத்து வீட்டம்மா கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தது. தேவர்கள் படியில் தேவதூதன். சரிதானே?

ராமு: சரியில்லை அக்கா. நீ சிங்கப்பூருக்கு வந்திருந்தபோது கேசட்டில் போட்டுக் காட்டினாயே, ‘ஹைவே டு ஹெவன்’, அந்த ஆளுக்கு இறக்கையே கிடையாதே.

விஜயா: மைக்கேல் லேண்டன்! 1984-லிருந்து ஐந்து வருஷம் ஓடியது. தோள்பையோடு நெடுஞ்சாலை ஓரம் நடந்து வருவார். மார்க் என்று பழைய போலீஸ்காரர் ஒருவர் கார் ஓட்டுவார். ‘மேலே இருக்கும் பாஸ்’ சொன்ன ஊருக்கெல்லாம் இருவரும் போவார்கள். அற்புதமெல்லாம் பெரிதாக இருக்காது. பெரும்பாலும் யாரையாவது உட்கார வைத்துப் பேசுவார், அவ்வளவுதான். அந்தப் பேச்சுக்கே எனக்குக் கண்ணீர் வந்துவிடும்.

கார்த்திக்: ஆனால் அவர் நடித்த அந்த ஜோனதன் முன்னே மனிதனாக இருந்தவன் அம்மா. 1948-ல் இறந்துபோய், அப்புறம் தேவதூதனாகச் சோதனைக் காலத்தில் இருக்கிறான். இறக்கை சம்பாதிக்கத்தான் இவ்வளவு அலைச்சல்.

ராமு: அப்படியானால் எட்டு கிடையாது, ஏழு. மனிதனாயிருந்து உயர்ந்தவர்களுக்கு ஏழாம் படி. சித்தர்களோடு உட்காரட்டும். ப்ரொபேஷன் முடியட்டும், பார்க்கலாம்.

விஜயா: மோனிகா? ‘டச்டு பை அன் ஏஞ்சல்’ மோனிகா?

கார்த்திக்: அவளுக்கும் அப்போதுதான் பதவி உயர்வு. தேடுதல் பிரிவிலிருந்து கேஸ் ஒர்க்கராக வந்தவள். தலைக்கு மேல் டெஸ் என்று கண்டிப்பான மேலாளர் வேறு. சொர்க்கத்திலும் ஆபீஸ்தான்.

விஜயா: அது 1994-லிருந்து 2003 வரை ஓடியது. நான் விடாமல் பார்த்தேன், ஆனால் கொஞ்சம் பாயசம்தான். கடைசிப் பத்து நிமிஷத்தில் மோனிகாவுக்குப் பின்னாலிருந்து பொன்னிறத்தில் விளக்கடிப்பார்கள், தலைமுடி ஓரமெல்லாம் மின்னும். உடனே எதிரில் இருப்பவர் அழ வேண்டும். நானும் அழுவேன், சத்தியமாக. ஆனால் விளக்கு வரப் போகிறது என்று முன்கூட்டியே தெரியும்.

நிவேதா: எல்லாவற்றிலும் ஒரே கதை மாதிரி இருக்கிறதே. மேலிருந்து ஒருவர் வருகிறார், ஒரு வீட்டில் நுழைகிறார்.

கார்த்திக்: ஒரு வித்தியாசம் உண்டு. தேவதூதன் வந்தால் நமக்குப் பாடம் நடத்துவான். ஏலியன் வந்தால் நாம் அவனுக்குப் பாடம் நடத்த வேண்டும். சிரிப்பெல்லாம் அங்கேதான். அதனால் எனக்கு ஏலியன்தான்.

ராமு: ஸ்போக் எந்தப் படி? ஞாயிற்றுக்கிழமை காலை தூர்தர்ஷனில் ‘ஸ்டார் ட்ரெக்’ போடும்போது எங்கள் தெருவே எங்கள் வீட்டில்தான் இருக்கும். அப்பா வல்கன் கிரகத்துக்காரர், அம்மா பூமிக்காரி.

பாட்டி: கலப்பா? அப்படியென்றால் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே அரைப்படி.

ராமு: அரைப்படிக்கு அரிசிதான் அளப்பார்கள் அம்மா 😄 அவன் விரலைப் பிரித்துக் காட்டுவானே, அதைப் பார்த்து நீ பரதநாட்டிய முத்திரை என்று சொன்னது ஞாபகம் இருக்கிறதா?

நிவேதா: அது யூத பூசாரிகள் ஆசி வழங்கும்போது காட்டுவது அப்பா. லியனார்டு நிமாய் சின்ன வயதில் ஜெபக்கூடத்தில் பார்த்ததை அப்படியே கொண்டுவந்தார்.

பாட்டி: ஆசீர்வாதம்தானே? நான் சொன்னதில் என்ன தப்பு?

நிவேதா: அத்தை, அந்த ஏஞ்சல் பொம்மை கண்ணை மூடியிருக்கிறதா? ‘டாக்டர் ஹூ’ தொடரில் 2007-ல் ‘வீப்பிங் ஏஞ்சல்ஸ்’ வந்தன. பார்த்தால் தேவதைச் சிலை, உண்மையில் ஏலியன். நாம் பார்த்துக்கொண்டிருக்கும் வரை கல். கண் சிமிட்டினால் பக்கத்தில் வந்து நிற்கும். ஒன்றையொன்று பார்த்துவிட்டால் எல்லாமே கல்லாகிவிடும் என்றுதான் கண்ணைப் பொத்திக்கொள்ளும்.

விஜயா: ராத்திரி கொலு ரூமில் விளக்கணைக்க நான்தான் தனியாகப் போக வேண்டும். இதை நீ சொல்லியே ஆக வேண்டுமா?

நிவேதா: 🙈

பாட்டி: விஜயா, கடைசியாகக் கேட்கிறேன். வேற்றுக்கிரகத்துக்காரனை மனுஷன் படியில் வைப்பது முறையா?

விஜயா: அம்மா, நான் 1978-ல் இங்கே வந்தேன். எனக்குக் கொடுத்த கிரீன் கார்டில் என்ன அச்சடித்திருந்தது தெரியுமா? ரெசிடென்ட் ஏலியன். என் ஃபோட்டோ, விரல் ரேகை, மேலே அந்த இரண்டு வார்த்தை.

ராமு: அட!

விஜயா: அதே வருஷம் செப்டம்பரில்தான் ‘மோர்க் அண்ட் மிண்டி’ தொடங்கியது. ராபின் வில்லியம்ஸ். முட்டை வடிவ விண்கலத்தில் ஓர்க் கிரகத்திலிருந்து கொலராடோவுக்கு வந்தவன். நாற்காலியில் தலைகீழாக உட்காருவான், விரலால் தண்ணீர் குடிப்பான். ஒவ்வொரு வாரமும் கடைசியில் ஆர்சன் என்ற மேலதிகாரிக்கு, இந்த ஊர்க்காரர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ரிப்போர்ட் சொல்வான். ஆர்சன் முகத்தைக் காட்டவே மாட்டார்கள், குரல் மட்டும்தான். எனக்கு அப்போது பேசத் துணை யாருமில்லை. அதைப் பார்த்துவிட்டு உனக்குக் கடிதம் எழுத உட்காருவேன்.

பாட்டி: நீல நிற இன்லண்டில் பக்கம் பக்கமாக எழுதுவாயே. கடையில் பையை அவர்களே போட்டுக் கொடுக்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரி என் பொட்டைக் காயமா என்று கேட்டாள் என்றெல்லாம்.

கார்த்திக்: இன்லண்ட் இல்லை பாட்டி, ஏரோகிராம்.

பாட்டி: எதுவோ ஒன்று. பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அந்த அல்ஃபை ஆறாம் படியில் வை. நடுவில் வை.

விஜயதசமி

விஜயா: (படம்) ஆரத்தி எடுத்தாயிற்று. ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைக்க வேண்டுமே, அல்ஃபைத்தான் படுக்க வைத்தேன். சின்னத் துண்டும் போர்த்திவிட்டேன்.

பாட்டி: பூனை?

விஜயா: இரண்டாம் படியில், சங்குக்குப் பின்னால்.