செட் கொடுத்த பிறகு எந்தச் சொல்லை, எப்போது சொல்வது?

கேள்வி:
வணக்கம். நானும் என் சித்தப்பா மகனும் ஒன்றரை ஆண்டாகப் பெசன்ட் நகர் கடற்கரையில் பீச் வாலிபால் ஆடி வருகிறோம். அவன் அடிப்பதற்காகப் பந்தை உயர்த்திப் போட்டு செட் கொடுத்தவுடன் எதிர்த்தரப்பில் எங்கே இடம் இருக்கிறது என்று அவனுக்குக் குரல் கொடுக்கிறேன். ஆனால் பெரும்பாலும் என் குரல் எழும்போது அவன் கை பந்தைத் தொட்டிருக்கும். இதைவிடப் பெரிய தவறு சென்ற ஞாயிறன்று நடந்தது. 19-20 என்ற நிலையில் நான் "லைன்" என்று கத்தினேன். லைன், அதாவது நேரே பக்கக் கோட்டை ஒட்டிய இடம், காலியாக இருக்கிறது என்பது நான் சொல்ல வந்தது. லைனை பிளாக்கர் (வலையருகே எம்பிக் கையால் தடுப்பவர்) மறைத்து நிற்கிறார் என்று அவன் எடுத்துக்கொண்டு குறுக்கே அடித்தான். அங்கே நின்றிருந்தவர் நகராமலேயே பந்தை எடுத்தார், அந்தச் சுற்று எங்கள் கையை விட்டுப் போயிற்று. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1:
தம்பி, முதலில் உங்கள் இருவருக்கும் ஒரே அகராதி வேண்டும். பிளாக்கர் நிற்கும் இடத்தைச் சொல்லாதீர்கள், பந்து விழ வேண்டிய இடத்தை மட்டும் சொல்லுங்கள். ஓடிவந்து எழும்புகிறவனுக்கு, கேட்டதைத் தலைகீழாக்கிப் புரிந்துகொள்ள நேரம் கிடையாது. 60 சென்டிமீட்டர் எம்புகிற ஒருவர் தரையிலிருந்து உச்சிக்குப் போக ஏறக்குறைய 0.35 விநாடிதான் ஆகும், மணலில் அந்த உயரமே பலருக்கு எட்டாது. எனவே அவன் கடைசி அடியை ஊன்றும்போது சொல் காதில் விழுந்திருக்க வேண்டும்.

நீங்கள் தாமதிப்பதற்குக் காரணம் குரலில் இல்லை, கண்ணில் இருக்கிறது என்று நினைக்கிறேன். செட் கொடுத்த பந்து எப்படிப் போகிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்கிறோம். எனக்கும் அந்தப் பழக்கம் போக நெடுநாள் ஆயிற்று. பந்து விரலை விட்டதும் முகத்தை வலைப் பக்கம் திருப்பிவிடுங்கள். முதலில் தெரிவது பிளாக்கர் வலையில் நிற்கிறாரா, பின்னால் இறங்குகிறாரா என்பது. இறங்கினால் உடனே "காலி" என்று சொல்லுங்கள். எதிரே கை எழாது என்று தெரிந்தால் அவன் துணிந்து அடிக்கலாம். பின்னால் நிற்பவர் எந்தப் பக்கம் ஓடுகிறார் என்பது அதற்குப் பிறகே தெரியும், அதுவே இரண்டாவது சொல். இருவர் காக்க வேண்டிய பரப்பு 8 மீட்டருக்கு 8 மீட்டர் என்பதால் எங்கோ ஓரிடம் திறந்தே இருக்கும்.

பதில் 2:
நான் திருகோணமலையில் கரப்பந்து (வாலிபால்) ஆடுபவன். மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இரண்டாவது சொல்லில் அவசரம் கூடாது. பின்னால் நிற்பவர் திறமைசாலி என்றால் ஒரு பக்கம் சாய்ந்து காட்டிவிட்டு மறுபக்கம் ஓடுவார், அந்தச் சாய்வை நம்பிக் குரல் கொடுத்தால் நம் ஆளை நாமே அவர் கையில் ஒப்படைத்ததாகிவிடும். கால் உண்மையாகவே பெயர்ந்த பிறகு சொல்லுங்கள். அதற்குள் நேரம் கடந்துவிட்டால் பேசாமல் இருப்பதே நல்லது, ஏனென்றால் கை சுழலும்போது கேட்கும் சொல் அடியைக் குலைத்துவிடும்.

எதிரணிக்கும் தமிழ் தெரியுமே என்று எங்களில் சிலர் இரகசியச் சொற்கள் வைத்துப் பார்த்தோம். நெருக்கடியில் எங்களுக்கே அவை மறந்தன. ஏற்கனவே ஓடத் தொடங்கியவர் உங்கள் குரலைக் கேட்டுத் திரும்ப மணல் விடாது என்பதால் பழகிய சொல்லே போதும். இன்னொன்று: பிளாக்கரின் கை கண்ணெதிரே தெரிந்தால் அடிப்பவர் தன் கண்ணையே நம்பட்டும், அதற்காகப் பிறகு கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. "நேர்", "குறுக்கு", "காலி" என்று மூன்று சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு இன்று மாலை ஆடினோம். முகத்தைத் திருப்பப் பழகுவதற்காக, எதிரே நின்ற நண்பர் விரல்களைக் காட்ட, செட் கொடுத்தவுடன் நான் அந்த எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும் என்று வைத்தோம். முதல் பத்தில் மூன்றுதான் சரியாக வந்தது. கடல் காற்று எதிரே வீசும்போது "குறுக்கு" அவனுக்குத் தெளிவாகக் கேட்பதில்லை. அதற்கு மாற்றாக நீங்கள் பயன்படுத்தும் குறுகிய சொல் இருந்தால் சொல்லுங்கள்.

பதில் 2:
நாங்கள் "வெட்டு" என்போம். வலையை ஒட்டிக் குறுக்கே விழும் பந்துக்கும் அது பொருந்தும்.