குழு அமர்வில் மூலையில் உட்கார்ந்து நோட்டு எழுதலாமா?

கதிரொளி
போதை மறுவாழ்வு மையம் ஒன்றில் கவுன்சலராக இருக்கிறேன். ஆண்டுதோறும் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) மாணவர்கள் களப்பணிக்கு வருவார்கள். காலை குரூப்பில் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்திருக்க, சுவரோரம் இரண்டு மாணவர்கள் மடியில் நோட்டோடு இருப்பார்கள். கல்லூரியில் அப்சர்வேஷன் ரெக்கார்டு கேட்கிறார்களாம். இந்த வழக்கத்தையே நிறுத்த வேண்டும் என்கிறேன்.

மனைவியின் தாலியை அடகு வைத்ததைச் சொல்ல ஒருவர் வாயெடுக்கிறார். மூலையில் பேனா ஓடுகிறது. அதைப் பார்த்தவர் பேச்சை மாற்றி, "நேத்து சாம்பார் நல்லா இருந்துச்சு சார்" என்று முடித்துவிடுகிறார். அந்த வாய் மறுபடி திறக்க ஒரு வாரம் ஆகும். மாணவர்கள் வட்டத்துக்குள் வந்து உட்காரட்டும், இல்லையென்றால் அறைக்கு வெளியே இருக்கட்டும். சுவரோர நாற்காலி வேண்டாம்.

தாமரை_சேலம்
கதிரொளி சார், களப்பணி மாணவர்களின் சூப்பர்வைசராகச் சொல்கிறேன். குழுவை நீங்கள் நடத்துகிறீர்கள் சரி, உங்களை யார் பார்ப்பது? பேசுகிறவர் மேல்தான் உங்கள் கண் இருக்கும், இருக்கவும் வேண்டும். அந்த நேரத்தில் எதிர்ப்பக்கம் ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு கதவைப் பார்க்கிறார் என்பது உங்களுக்குத் தெரியவா போகிறது?

என் மாணவி ஒருத்தி ஒரு முறை படம் வரைந்து கொண்டுவந்தாள். வட்டமாகப் பன்னிரண்டு புள்ளிகள், கவுன்சலருக்கு ஒரு புள்ளி. யாராவது பேசினால், அவர் யாரைப் பார்த்துப் பேசினாரோ அவரை நோக்கி ஒரு கோடு. அமர்வு முடிந்தபோது அநேகமாக எல்லாக் கோடுகளும் கவுன்சலரிடமே போய்ச் சேர்ந்திருந்தன. உறுப்பினர்களுக்கு இடையே விரல் விட்டு எண்ணக்கூடிய கோடுகள்தான். "இன்னிக்கு எல்லாரும் பேசினாங்க, நல்ல செஷன்" என்று கவுன்சலர் சொல்லியிருந்தார். பேசியது உண்மை. ஆனால் அங்கே நடந்தது பன்னிரண்டு தனித்தனி நேர்காணல். ஹார்வர்டில் ராபர்ட் பேல்ஸ் 1950-ல் குழுப் பேச்சை 12 வகையாகப் பிரித்துக் குறிக்க ஒரு முறை வகுத்தார். அவ்வளவு கூட வேண்டாம், இந்தக் கோட்டுப் படமே போதும். அதை வரைய வெளியே ஒரு கண் வேண்டும்.

பழைய_குடிகாரன்
அந்த வட்டத்தில் உட்கார்ந்து எழுந்தவன் நான். பேனா எனக்குப் பிரச்சினையாக இருந்ததில்லை. அந்த நோட்டு எங்கே போகிறது என்பதுதான் பயம். என் கம்பெனிக்குப் போகுமா, மச்சானுக்குத் தெரிந்த யாராவது கையில் சிக்குமா? கேட்டால் "அது படிப்புக்கு அண்ணே" என்பார்கள்.

மேடம், உங்கள் படத்தைப் பற்றி ஒரு கேள்வி. நான் இப்போது ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு) மீட்டிங் போகிறேன். அங்கே ஒருவர் பேசும்போது குறுக்கே யாரும் பேச மாட்டோம், பதிலும் சொல்ல மாட்டோம். அடுத்தவர் தன் கதையைச் சொல்வார். கவுன்சலர் கிடையாது, மீட்டிங்கை நடத்தும் ஆள் மாறிக்கொண்டே இருப்பார். எங்கள் தலைவர்கள் நம்பிக்கைக்குரிய ஊழியர்கள்தான், ஆளுபவர்கள் அல்ல என்பது எங்கள் 12 மரபுகளில் இரண்டாவது. உங்கள் மாணவி அங்கே வந்து வரைந்தால் ஒரு கோடுகூட விழாது. 1935-ல் அமெரிக்காவில் அக்ரான் ஊரில் இரண்டு பேர் ஆரம்பித்தது, இன்றுவரை ஓடுகிறது. கோடு இல்லையென்றால் குழுவே இல்லை என்பீர்களா?

தாமரை_சேலம்
அண்ணே, சரியான இடத்தில் பிடித்தீர்கள். ஏ.ஏ.வில் கோடுகள் மீட்டிங் முடிந்து டீ குடிக்கும்போதும், ராத்திரி ஸ்பான்சருக்கு (வழிகாட்டும் மூத்த உறுப்பினருக்கு) போன் போடும்போதும் விழுகின்றன என்று நினைக்கிறேன். வார்டில் ஒரு மாதம் இருந்துவிட்டுக் கலைந்து போகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. பக்கத்து நாற்காலிக்காரரோடு பேசிப் பழக அந்த அறைதான் இடம். ஆனாலும், எல்லாக் குழுவுக்கும் ஒரே அளவுகோலை நீட்டக் கூடாது என்பதை ஏற்கிறேன்.

வார்டு_சிஸ்டர்
கோடு, படம் எல்லாம் இருக்கட்டும். மாணவர்கள் ரெக்கார்டில் எழுதுவதைப் படித்தால் எனக்குத் தலை சுற்றும். "மூன்றாவது உறுப்பினர் ஆர்வமின்றி, எதிர்ப்பு மனநிலையில் இருந்தார்" என்று ஒரு வரி. அந்த ஆள் அட்மிட்டாகி இரண்டாவது நாள். கை நடுக்கத்துக்கு மாத்திரை போட்டு உட்கார்ந்திருக்கிறார், கண் சொருகுகிறது. குடியை நிறுத்திய 48 மணி நேரத்திலிருந்து 96 மணி நேரம் வரை பிதற்றல் வந்துவிடுமோ என்று நாங்கள் ராத்திரி முழுக்கக் கவனிப்போம். அவருக்கு மனநிலைச் சான்றிதழ் தர இவர்கள் யார்? குரூப்பைக் கவனிக்க வருகிறவர்கள் முதலில் கேஸ் ஷீட்டில் எத்தனையாவது நாள் என்று பாருங்கள்.

இன்னொன்று. குரூப் முடிந்த பிறகுதான் குரூப்பே நடக்கிறது. சாயங்காலம் கேரம் போர்டு பக்கம் வந்து பாருங்கள். காலையில் வாயே திறக்காதவர்தான் அங்கே நாட்டாமை.

கடைசி_பெஞ்ச்
எம்.எஸ்.டபிள்யூ. இரண்டாம் வருடம். சிஸ்டர் திட்டுவது எங்களைத்தான், ஆனால் நியாயமான திட்டு. "கோபமாக இருந்தார்" என்று எழுதினால் எங்கள் சூப்பர்வைசர் பக்கத்தில் சிவப்பு மையில் "எப்படித் தெரியும்?" என்று கேட்பார். "தங்கை கல்யாணம் என்ற பேச்சு வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார்" என்று எழுத வேண்டும். கோபமா, வெட்கமா, இடுப்பு வலியா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

கதிரொளி சார் சொல்வதுபோல வட்டத்துக்குள் உட்கார்ந்தால் வேறு சிக்கல். "நீ ஏன்மா குடிக்கல?" என்று கேட்பார்கள். பதில் சொன்னால் குரூப் என் பக்கம் திரும்பிவிடும், சொல்லாவிட்டால் உளவாளி. நோட்டில்லாமல் உட்கார்ந்துவிட்டு பஸ்ஸில் போகும்போது எழுதினாலோ, நடந்தது பாதி, நான் நினைத்தது பாதி.

தாமரை_சேலம்
"நோட்டு எங்கே போகிறது" என்று அண்ணன் கேட்டதற்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. 1946 கோடையில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் கர்ட் லெவின் என்ற சமூக உளவியலாளர் ஒரு பயிற்சிப் பட்டறை நடத்தினார். பகலில் குழுக்கள் பேசும், கவனிப்பாளர்கள் குறிப்பெடுப்பார்கள். இரவில் லெவினும் கவனிப்பாளர்களும் மட்டும் உட்கார்ந்து குறிப்புகளை அலசுவார்கள். ஒரு நாள் பயிற்சிக்கு வந்தவர்களில் சிலர், நாங்களும் இருந்து கேட்கலாமா என்றார்கள். லெவின் சரி என்றார். தன்னைப் பற்றிய குறிப்பு படிக்கப்பட்டதும் ஒரு பெண், அப்படி நடக்கவே இல்லை என்று மறுத்தார். விவாதம் சூடு பிடித்தது. அடுத்தடுத்த இரவுகளில் மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். பகல் வகுப்பைவிட அந்த இரவுப் பேச்சில்தான் அதிகம் கற்றார்கள். டி-குரூப் (தங்கள் குழுவுக்குள் நடப்பதையே பேசிக் கற்கும் பயிற்சிக் குழு) என்ற முறையே அதிலிருந்து பிறந்தது. பிரச்சினை கவனிப்பதில் இல்லை சார், கவனித்ததைப் பூட்டி வைப்பதில் இருக்கிறது. மாணவர்கள் கடைசிப் பத்து நிமிடம் குழுவின் முன்னாலேயே படிக்கட்டும்.

கதிரொளி
மேடம், லெவினிடம் வந்தவர்கள் ஆசிரியர்கள், சமூகப் பணியாளர்கள் போன்றவர்கள். சாயங்காலம் எழுந்து வீட்டுக்குப் போகலாம். என் ஆட்கள் அப்படியா? "முகத்துக்கு நேரே சொல்லு" பாணி எங்கே போய் நின்றது என்பதும் தெரியும். ஸ்டான்ஃபோர்டில் லீபர்மன், யாலோம், மைல்ஸ் மூவரும் என்கவுன்ட்டர் குழுக்களை (மனதில் பட்டதை ஒருவருக்கொருவர் வெளிப்படையாகச் சொல்லும் குழுக்களை) ஆராய்ந்து 1973-ல் வெளியிட்டார்கள். ஆளைக் கவரும் பேச்சும், அடித்துக் கிளறும் பாணியும் கொண்ட தலைவர்களின் குழுக்களில்தான் மனம் நொந்து சேதப்பட்டவர்கள் அதிகம். அக்கறை காட்டி, நடந்ததற்குப் பொருள் புரிய வைத்தவர்களின் குழுக்களில் பலன் அதிகம். நோட்டை உரக்கப் படிப்பது எந்தப் பக்கம் சேரும்?

சம்மதம் வேறு இருக்கிறது. 2017 மனநலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு ரகசியம் காப்பதை நோயாளியின் உரிமையாக வைத்திருக்கிறது. குடி சார்ந்த மனநலச் சிக்கலும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது. "ஸ்டூடண்ட்ஸ் உட்காரலாமா?" என்று பன்னிரண்டு பேர் முன்னால் நான் கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். எப்போது டிஸ்சார்ஜ் என்பதில் என் வார்த்தைக்கும் எடை உண்டு என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று எப்படி எடுத்துக்கொள்வது?

தாமரை_சேலம்
சம்மதத்தைத் தனியாகக் கேட்க வேண்டும், அதில் வாக்குவாதமே இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன அதே யாலோம்தான் மருத்துவமனை உள்நோயாளிக் குழுக்களிலும் இதைச் செய்தார். அமர்வின் கடைசிப் பகுதியில் கவனிப்பாளர்கள் உள்ளே வந்து, நோயாளிகள் பார்த்துக்கொண்டிருக்க, அன்று நடந்ததைத் தலைவர்களோடு பேசுவார்கள். பிறகு நோயாளிகள் அதற்குப் பதில் சொல்வார்கள். உள்நோயாளிக்கு ஆகாது என்று ஒரேயடியாக ஒதுக்க முடியாது. யார் என்ன சொன்னார் என்பதைப் படிக்க வேண்டாம். குழு எங்கே நின்றது, எங்கே பேச்சு மாறியது என்பதை மட்டும் சொல்லலாம். உங்கள் சாம்பார் விஷயத்தையே, ஆள் பெயர் சொல்லாமல், "நான் எழுத ஆரம்பித்ததும் பேச்சு மாறியது" என்று அந்த மாணவி சொல்லியிருந்தால்?

கதிரொளி
அது எனக்கே கேட்க ஆசைதான். சரி, ஒரு குழுவில் வைத்துப் பார்க்கலாம். மூலையில் இருக்கக் கூடாது, வட்டத்திலேயே நாற்காலி. எழுதுவது கோட்டுப் படம் மட்டும், பெயரோ வார்த்தையோ கூடாது. படத்தில் என் கோடுகளும் இருக்கட்டும்.

பழைய_குடிகாரன்
படத்தை எங்களிடமும் காட்டுங்க. முடிந்ததும் தாள் வார்டிலேயே இருக்கட்டும், கல்லூரிக்குப் போக வேண்டாம்.

தாமரை_சேலம்
அண்ணே, தாள் இல்லாமல் மார்க் போட முடியாது. மாணவி என்ன கற்றாள் என்பதை மட்டும் எழுதித் தரச் சொல்லலாமா என்று துறையில் பேசுகிறேன். கதிரொளி சார், சம்மதம் கேட்பதை அட்மிஷன் அன்றே முடித்துவிடலாமா?

கதிரொளி
கை நடுங்கிக்கொண்டிருக்கிற ஆளிடமா? மேலே சிஸ்டர் எழுதியதைப் படித்தீர்களா இல்லையா? ஒரு வாரம் போகட்டும். நானும் கேட்க மாட்டேன், டிஸ்சார்ஜுக்குச் சம்பந்தமில்லாத யாராவது கேட்கட்டும்.

வார்டு_சிஸ்டர்
அந்த "யாராவது" நான்தான் என்று புரிகிறது. நைட் டூட்டியில் கேட்கிறேன். வேண்டாம் என்று சொன்னவர் பெயரை மட்டும் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். ஒருவர் சொன்னாலும் அந்த குரூப்புக்கு மாணவர்கள் கிடையாது.