டனலிங்னா என்ன? மெட்ரோ, விபிஎன், குவாண்டம் மூணும் ஒண்ணா?

தண்டையார்பேட்டைக்காரன்:
நம்ம ஏரியால மெட்ரோ வேலை நடந்தப்பவே டனலிங்ன்ற வார்த்தை பழகிடுச்சு, மிஷின் வெச்சு பூமிக்கு அடியில குடைஞ்சுக்கினே போறது, அது புரியுது. இப்ப ஆபிஸ்ல விபிஎன் (இன்டர்நெட் வழியா ஆபிஸ் நெட்வொர்க்குல சேர்றது) டனலிங்ன்றாங்க, காலேஜ் போற தங்கச்சி குவாண்டம் டனலிங்னு படிக்குது. மூணும் ஒண்ணுதானா? தெரிஞ்சவங்க வெவரமா சொல்லுங்க.

பெரம்பூர் சிவில்:
குடையறது பாதி வேலைதான் ப்ரோ, குடைஞ்ச எடம் இடியாம பாத்துக்கறதுதான் மீதி. நம்ம பக்கம் கடல் கிட்ட, கொஞ்சம் தோண்டினாலே தண்ணி, மேல நெருக்க நெருக்கமா வீடுங்க. மிஷின் முன்னாடி இருக்க வெட்டுற தலை, அதான் கட்டர் ஹெட், சுத்தி வெட்டும்போதே எதிர்ல இருக்க மண்ணு, தண்ணி அழுத்தத்துக்கு ஈடா அழுத்தம் குடுத்துக்கினே இருக்கணும், கொறைஞ்சா மேல ரோடு உள்வாங்கிடும். பின்னாடியே கான்கிரீட் செக்மென்ட்ட வளையமா மாட்டுவாங்க, அந்த வளையத்துல ஜாக்கி முட்டுக் குடுத்துதான் மிஷின் முன்னாடி நகரும். இப்படி கவசத்துக்குள்ள இருந்துக்கினு தோண்டற ஷீல்டு முறைய லண்டன்ல தேம்ஸ் ஆத்துக்கு அடியில புரூனல்ன்ற இன்ஜினியர் 1825ல ஆரம்பிச்சாரு, அந்த சுரங்கத்த 1843லதான் தொறந்தாங்க. நம்ம விம்கோ நகர் லைன்ல தண்டையார்பேட்டை தாண்டினதும் சுரங்கம் முடிஞ்சு மேல ஏறிடும்.

ராயபுரம் நெட்வொர்க்:
விபிஎன்ல எதையும் தோண்டல. கவருக்குள்ள கவர் மாதிரி ஒரு பாக்கெட்ட (டேட்டாவோட சின்ன துண்டு) இன்னொண்ணுக்குள்ள வெச்சு அனுப்புறாங்க, வழியில இருக்க ரவுட்டருங்க வெளி அட்ரஸ மட்டும் பாக்கும், அந்தாண்ட போனதும் பிரிச்சு எடுத்துடுவாங்க. டனல்னாலே யாரும் படிக்க முடியாதுன்னு நெனைக்காதீங்க, ஜிஆர்ஈன்ற டனல் வகையில என்கிரிப்ஷனே (டேட்டாவ பூட்டி மறைக்கறது) கிடையாது, ஐபிசெக், வயர்கார்டுன்ற வகைங்கள்லதான் அது சேர்ந்து வரும்.

பிசிக்ஸ் வாத்தி:
குவாண்டம்ல ஓட்டையே கிடையாது தம்பி, அதான் இதுல அழகு. தடைய தாண்ட எலக்ட்ரானுக்கு எனர்ஜி பத்தல, ஆனா அதோட அலை தடைக்குள்ள தேய்ஞ்சுக்கினே போயி அந்தப் பக்கம் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அதனால அங்கயும் இருக்க வாய்ப்பு உண்டு. தடை தடிமனாக ஆக வாய்ப்பு படுவேகமா கொறையும். அணு ஏன் ஆல்ஃபா துகள (ரெண்டு புரோட்டான், ரெண்டு நியூட்ரான் சேர்ந்தது) வெளிய விடுதுன்னு 1928ல காமோவ்ன்ற விஞ்ஞானி இத வெச்சுதான் சொன்னாரு. சூரியன் எரியறதுக்கும் இதான் காரணம், பென்டிரைவ்ல டேட்டா எழுதறதும் மெல்லிசான ஆக்சைடு படலம் (கரண்ட் கடத்தாத தடை) வழியா எலக்ட்ரான இப்படி உள்ள தள்ளித்தான்.

தண்டையார்பேட்டைக்காரன்:
சூப்பர் சார், தங்கச்சிகிட்ட படிச்சு காட்டினேன். அப்ப அதே வழியா எலக்ட்ரான் வெளிய வந்துடாதான்னு கேக்குது.

பிசிக்ஸ் வாத்தி:
வரும்மா, ரொம்ப மெதுவா கசியும், கசிஞ்சா டேட்டா போயிடும். அதனால முக்கியமான போட்டோவ பென்டிரைவ்ல மட்டும் போட்டு வருஷக்கணக்கா பீரோல வெச்சிடாதீங்க, இன்னொரு காப்பி வேற எங்கயாவது இருக்கட்டும்.