லைப்ரரி சயின்ஸ் படிச்சவங்களே, இன்னும் மனசுல நிக்கிற ஒரு ஆள பத்தி சொல்லுங்க

காவேரிப்பட்டணம் பொண்ணு:
பி.லிப் முடிக்கிறப்ப கிருஷ்ணகிரி பக்கம் ஒரு நூலகத்துல இன்டர்ன்ஷிப். பெரியவர் ஒருத்தர் துண்டுல மடிச்சு வச்சிருந்த மாம்பூக் கொத்த எடுத்து நேரா ரெஜிஸ்டர் மேல வச்சாரு, பூவெல்லாம் மாவு தூவுன மாதிரி வெள்ளையா இருக்கு. "இதுக்கு புக்கு இருக்கா கண்ணு"ன்னாரு. நான் புக்க பாடவாரியா அடுக்குற டூயி நம்பர்ல பயிர் நோய் 632ன்னு அந்த ரேக்குக்குக் கிளம்பிட்டேன். நூலகர் அக்கா சேர்ல இருந்து எந்திரிக்கவே இல்ல. "உக்காருங்கப்பா, பூவுல மட்டுமா இலையிலயுமா, மருந்து எதுனா அடிச்சீங்களா, நீங்களே படிப்பீங்களா இல்ல வீட்ல யாராச்சும் படிச்சு சொல்வாங்களா"ன்னாங்க. அந்தக் கடைசிக் கேள்விக்குதான் அவரு சிரிச்சாரு, "பேத்தி படிக்கும், எட்டாவது". அக்கா தடி புக்க விட்டுட்டு படம் போட்ட சின்னதா ஒண்ணு எடுத்துக் குடுத்தாங்க. வர்றவங்களுக்கு என்ன வேணும்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிறத ரெஃபரன்ஸ் இன்டர்வியூன்னு எங்களுக்கும் பாடமா வச்சிருந்தாங்க, பரீட்சை பேப்பரோட சரி, ஒரு ஆள எதிர்ல உக்கார வச்சு யாரும் கேக்கச் சொல்லல.

அரூர்க்காரன்:
மொதல்ல மாங்கா நோய் 632ல வராது. அது பொதுவான பயிர் நோய். தனிப் பயிருன்னா நோயும் அந்தப் பயிரோடயே போகும், டூயில மாங்கா 634.44. பேசத் தெரிஞ்சா போதும்னு ஆரம்பிச்சிடாதீங்க, அந்த அக்கா கை நேரா அந்த ரேக்குக்குப் போச்சுன்னா எவரோ ஒருத்தர் நம்பர ஒழுங்கா போட்டிருக்காருன்னு அர்த்தம்.

பென்னாகரம் லிப்:
சண்டைய அப்புறம் வச்சுக்கங்க. தர்மபுரி பக்கம் ஒரு தனியார் காலேஜ் இன்டர்வியூ. நூலக அறிவியல்ல ரங்கநாதன் எழுதின அஞ்சு விதிய 1931ன்னு வருஷத்தோட மனப்பாடம் பண்ணிட்டு போறேன், பிரின்சிபால் லேப்டாப்ப என் பக்கம் திருப்பி ஒரு தமிழ் நாவல பக்கத்துல வச்சு "கோஹால ஏத்துங்கம்மா"ன்னாரு. நூலகத்துப் புக்க எல்லாம் பதிவு பண்ற சாப்ட்வேர் அது, நாங்க அத பாத்ததே ஸ்டடி மெட்டீரியல்ல மங்கலான கறுப்பு வெள்ளைப் படமா. பதிவுல 245ங்கற கட்டத்துல தலைப்பு, 100ல ஆசிரியர், அதெல்லாம் தெரியும், ஆனா எழுத்தாளர் இனிஷியல முன்னாடி போடறதா பின்னாடியான்னு விரல் அப்படியே நின்னுருச்சு, அவரு வாட்ச பாக்குறாரு. வேல கெடைக்கலைன்னு தனியா சொல்லணுமா.

ஓசூர் அண்ணன்:
தங்கச்சி, கோஹா இலவசம், நியூசிலாந்துல ஒரு நூலகத்துக்காக எழுதினது. பழைய கம்ப்யூட்டர்ல விண்டோஸுக்குப் பதிலா டெபியனோ உபுண்டுவோ போட்டு இன்ஸ்டால் பண்ணு, வீட்ல இருக்கிற புக்க எல்லாம் ஏத்து. இங்கிலீஷ் புக்குக்கு அதுல போட்டிருக்கிற ஐஎஸ்பிஎன் நம்பர அடிச்சா வேற நூலகத்து ரெக்கார்டே வந்துரும், தமிழ் புக்குக்கு பாதி வராது, கையாலதான் அடிக்கணும், அதுதான் உனக்கு நல்லது. அப்புறம் பார்கோடு பிரின்ட் பண்ணிப் பழகு, பேக்கப் எடுக்கக் கத்துக்க, சர்வர் படுத்துட்டா காலேஜ்ல உன்னத்தான் கேப்பாங்க. என் அனுபவம்னா, ஒரு அம்மா தெலுங்குல கேட்டாங்க நான் தமிழ்ல சொன்னேன், புக்கு வாங்கிட்டு போயிட்டாங்க.

பென்னாகரம் லிப்:
அண்ணா, இன்ஸ்டால் பண்றத நான் கேக்கவே இல்லையே. இனிஷியல் எங்க போடறதுன்னு யாராச்சும் சொல்லுங்கப்பா.