கிளிநொச்சி வீட்டில் வெப் சர்வர்: கரண்ட் போனாலும் தாங்கக்கூடியதாக எதை வாங்கலாம்?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். எங்கள் ஊர் வாசிகசாலையின் பழைய படங்களையும் சிறப்பு மலர்களையும் ஸ்கேன் செய்து, என் வீட்டிலிருந்தே ஒரு தளமாக நடத்துகிறேன். வைகாசியிலிருந்து சர்வர் அடிக்கடி விழுகிறது.

இருப்பது பாவித்த மேசைக் கணினி: நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3 புரொசசர், 8 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், டெபியன் 12 லினக்ஸ். கரண்ட் ஒருமுறை கண்சிமிட்டினால் போதும், ரீஸ்டார்ட் ஆகிறது. சில நாட்களில் ஃபைல் சிஸ்டம் பிழையோடு கறுப்புத் திரையில் நிற்கிறது. மத்தியானம் தகரக் கூரைக்குக் கீழே அதன் ஃபேன் இரைவது அடுத்த அறைக்கும் கேட்கும்.

பவர் சப்ளை மாற்றினேன். மெம்டெஸ்ட்டை இரவு முழுக்க ஓடவிட்டேன், ராமில் பிழையில்லை. 650 விஏ யூபிஎஸ் முதலில் அரை மணி நேரம் தாங்கியது, இப்போது ஐந்து நிமிடம்கூட இல்லை. டிஸ்கின் நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் பழுதான செக்டர்கள் 16இலிருந்து 112 ஆகிவிட்டன. சரி, டிஸ்க் முடிந்தது. நல்லகாலம், ஸ்கேன்களின் பிரதி ஒன்று வேறிடத்தில் உண்டு. பல படங்களுக்கு மூலமே இப்போது இல்லை, அதுதான் பதற்றம்.

வீட்டுச் சர்வரை இணையத்தோடு இணைக்கும் டனல் சேவை வழியாகத் தளம் வெளியே தெரிகிறது, அதில் சிக்கல் இல்லை. கையில் 70,000 ரூபாய். இன்டெல் என்100 மினி பிசி பார்த்தேன். புரொசசர் 6 வாட்தான், 12 வோல்ட் அடாப்டர் என்பதால் பேட்டரியோடு பொருத்துவது சுலபம். ஒற்றை போர்டுக் கணினியான ராஸ்பெரி பை 5 இன்னும் சிறியது. ஆனால் அது முழுத் திறனில் ஓட 5 வோல்ட் 5 ஆம்ப் வேண்டும், எஸ்டி கார்டை நான் நம்பமாட்டேன், எம்.2 வகை எஸ்எஸ்டிக்குத் தனி போர்டு வாங்க வேண்டும்.

வன்னி வெக்கையில் இவற்றில் ஒன்றை இரவு பகலாக ஓட்டியவர்கள் சொல்லுங்கள்: இந்தக் காசுக்கு எஸ்எஸ்டி, பேட்டரி சேர்த்து எதை எடுக்கலாம்?