மெட்ராய்டு பிரைம் 4: எட்டு வருடம் காத்திருந்தவன் எந்த அளவு கிராஃபிக்ஸ் கேட்கலாம்?

செந்தூல்காரன்

நிண்டெண்டோவின் மெட்ராய்டு பிரைம் 4 கேமுக்கு ஒருவழியாகத் தேதி வந்துவிட்டது, 2025 டிசம்பர் 4. 2017 ஜூனில் பெயரையும் ஒரு 4-ஐயும் மட்டும் காட்டி அறிவித்தபோது நான் படிவம் 3 படித்துக்கொண்டிருந்தேன். 2019 ஜனவரியில் அதுவரை செய்த வேலையை ஒதுக்கிவிட்டு, டெக்சாஸில் இருக்கும் ரெட்ரோ ஸ்டூடியோஸிடம் கொடுத்து முதலிலிருந்து தொடங்கினார்கள். விளையாடும் காட்சியை 2024 ஜூனில்தான் கண்ணில் காட்டினார்கள். இப்போது நான் வேலைக்குப் போய், தீபாவளிக்கு நிண்டெண்டோவின் புது கேம் மெஷின் ஸ்விட்ச் 2 வாங்கக் காசு சேர்த்து வைத்திருக்கிறேன்.

நேற்று நண்பன் வீட்டு 4கே டிவியில் புது டிரெய்லரை மூன்று முறை பார்த்தேன். கேமின் நாயகி சாமஸ் மோட்டார் சைக்கிளில் பாலைவனத்தைக் கடக்கும் இடத்தில் மணல், தூரத்தில் நாலு பாறை, அவ்வளவுதான். கிட்டே வந்தால் பாறை மொழுமொழுவென்று இருக்கிறது. நிழல்கள் ஒட்டவைத்தது போல நிற்பதாக எனக்குப் பட்டது. இது 2017-ல் வந்த பழைய ஸ்விட்ச் மெஷினுக்கென்று செய்த கேம். புது மெஷினுக்கு வரும்போது பிக்சலையும் பிரேமையும் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) கூட்டியிருக்கிறார்கள், மற்றதைத் தொடவில்லை.

பழைய ஸ்விட்சில் 4 ஜிபி நினைவகம், புதியதில் 12. ரே டிரேசிங், அதாவது வெளிச்சம் போகும் பாதையை அப்போதைக்கப்போது கணக்கிடும் வேலை, செய்யக்கூடிய சிப். சைபர்பங்க் 2077 போன்ற கனமான கேமே இதே மெஷினில் முதல் நாளே, ஜூன் 5-லேயே வந்தது. எட்டு வருடம் காத்திருந்தவன் அதற்கேற்ற கிராஃபிக்ஸ் கேட்பது பேராசையா?

பிரேம்_எண்ணி

பேராசை இல்லை தம்பி. ஆனால் தப்பான இடத்தில் கேட்கிறாய் என்று நினைக்கிறேன்.

நான் பெட்டாலிங் ஜெயா பக்கம் ஒரு ஸ்டூடியோவில் ஒன்பது வருடமாக வெளிநாட்டு கேம்களுக்குப் பாறை, கதவு, குழாய் எல்லாம் செய்து கொடுக்கிறேன். ஒரு பாறைக்கு இத்தனை பாலிகன் (உருவத்தை அமைக்கும் சிறு தட்டைத் துண்டுகள்), டெக்ஸ்சர் (அதன்மேல் போர்த்தும் படம்) இந்த அளவு என்று முதல் நாளே எழுதி வந்துவிடும். மெஷினைப் பார்த்து வைக்கும் கணக்கு அது. வெளிச்சத்துக்கும் அப்படித்தான். விளக்கு எங்கே இருக்கிறது, சுவரில் எப்படி விழுகிறது என்பதை முன்பே கணக்கிட்டு, ஒரு படமாகச் சுவரிலேயே பதித்துவிடுவார்கள். ‘பேக்’ செய்வது என்போம். விளையாடும்போது மெஷின் அந்தக் கணக்கைப் போட வேண்டாம், படத்தை எடுத்து ஒட்டினால் போதும். சின்ன மெஷினில் 60 பிரேம் இப்படித்தான் கிடைக்கிறது.

நீ கேட்பது போல் வெளிச்சமும் நிழலும் அசைய வேண்டுமென்றால், பதித்ததை எல்லா அறையிலிருந்தும் உரித்தெடுக்க வேண்டும். உரித்த பிறகு அறை வேறு மாதிரித் தெரியும். வேண்டுமென்றே இருட்டாக விட்ட மூலையில் வெளிச்சம் வந்துவிடும், எதிரி மறைந்து நிற்கும் இடம் காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு அறைக்கும் மறுபடி உட்கார வேண்டும். ஏற்கெனவே ஒரு முறை முதலிலிருந்து தொடங்கிய கேம் இது. இன்னொரு முறையும் அதைக் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

பாயான்_லெப்பாஸ்

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். சிப் பரிசோதனைப் பிரிவில் வேலை, அதனால் எண்களைப் பார்ப்பேன்.

பழைய ஸ்விட்சின் ஜிபியுவில் (படம் வரையும் சிப்) 256 கோர், டாக்கில், அதாவது டிவியோடு இணைக்கும் தாங்கியில் வைத்தால், 768 மெகாஹெர்ட்ஸ். புதியதில் 1536 கோர், டாக்கில் 1007 மெகாஹெர்ட்ஸ், கையில் பிடித்து விளையாடும்போது 561. பெருக்கிப் பார்த்தால் டாக்கில் கிட்டத்தட்ட 8 மடங்கு வருகிறது. 2023-ல் இதே ரெட்ரோ பழைய ஸ்விட்சுக்குச் செய்த பிரைம் ரீமாஸ்டர்டு (முதல் பிரைமின் புதுப்பித்த பதிப்பு) டாக்கில் 900பி-யில் ஓடியது. அது 14 லட்சத்து 40 ஆயிரம் பிக்சல். 4கே என்றால் சுமார் 83 லட்சம், ஐந்தே முக்கால் மடங்கு. பிரைம் 4-க்கு ஏப்ரலில் நிண்டெண்டோ சொன்ன கணக்கு டாக்கில் 4கே 60 பிரேம், இல்லாவிட்டால் 1080பி 120 பிரேம். 8 மடங்கு சக்தியில் ஐந்தே முக்கால் மடங்கைப் பிக்சலுக்கே கொடுத்துவிட்டால், வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் எவ்வளவு மிஞ்சும்?

கையில் பிடிக்கும்போது வேகம் பாதிக்குச் சற்று மேல்தான். சின்னப் பெட்டி, சின்ன பேட்டரி, சூட்டைத் தள்ள ஒரு சின்ன விசிறி. இந்த விஷயத்தில் இயற்பியல் நமக்குச் சலுகை தராது.

செந்தூல்காரன்

அண்ணே, நீங்கள் போட்ட கணக்கே என் பக்கம்தான் பேசுகிறது. முழு 4கே-யும் உண்மையாக வரைய வேண்டும் என்று யார் கேட்டது? சின்னப் படத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்கும் டிஎல்எஸ்எஸ் அந்தச் சிப்பிலேயே இருக்கிறது. 1080பி-யில் வரைந்து அதை 4கே-க்கு ஏற்றிக்கொள்ளலாமே. மிச்சமாகும் சக்தியை நிழலுக்கும் டெக்ஸ்சருக்கும் கொடுக்கலாம். 120 பிரேம் எத்தனை பேருக்கு வேண்டும்? செந்தூலில் என் கொண்டோவில் யாரிடம் 120 ஹெர்ட்ஸ் டிவி இருக்கிறது?

பிக்சலைக் கூட்டினால் பாறையின் மொழுமொழுப்பு இன்னும் நன்றாகத்தான் தெரியும். பழைய ஸ்விட்சின் 6.2 அங்குல 720பி திரையில் மறைந்திருந்தது 55 அங்குலத்தில் மறையாது.

பாயான்_லெப்பாஸ்

டிஎல்எஸ்எஸ் இலவசம் இல்லை தம்பி. 60 பிரேமுக்கு ஒரு பிரேம் செய்ய 16.7 மில்லிசெகண்ட் இருக்கிறது. 4கே-க்கு ஏற்றும் வேலை அதிலிருந்து ஒரு துண்டைத் தின்னும், மெஷின் சின்னதாக இருந்தால் துண்டு பெரிதாகும். ஆனாலும் டெக்ஸ்சர் விஷயத்தில் நீ சொல்வது சரி. 4 ஜிபி-யிலிருந்து 12 ஜிபி-க்குப் போகும்போது டெக்ஸ்சரைப் பெரிதாக்க இடம் தாராளமாக இருக்கிறது, பிரேம் அதிகம் குறையாது. அதைச் செய்யாமல் விட்டிருந்தால் நியாயமான குறைதான்.

கெப்போங்_வாசி

நான் தம்பி பக்கம். ஸ்விட்ச் 2 பதிப்புக்கு 10 டாலர் அதிகம் கேட்கிறார்கள். அதே கம்பெனி போக்கிமான் ஸ்கார்லெட்டுக்கு ஜூனில் 60 பிரேமை இலவசமாகக் கொடுத்தது. கூடுதல் காசு கேட்டால் கூடுதல் வேலை தெரிய வேண்டும். எனக்கு அவ்வளவுதான் வாதம்.

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா

தம்பிமாரே, முதல் பிரைமை நான் நிண்டெண்டோவின் பழைய மெஷினான கேம்கியூபில் விளையாடியவள். 2002-ல் வந்த கேம். பிரிக்பீல்ட்ஸில் அப்பா கடைக்கு மேல்மாடியில் பழைய குண்டு டிவி, நான், என் தம்பி. இன்றைக்கு என் மகன் எஸ்பிஎம் (படிவம் 5 தேர்வு) எழுதப்போகிறான், ஆனால் அந்தக் கேமில் பார்த்த சில விஷயங்கள் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

மழையில் நின்று தலையைத் தூக்கினால் ஹெல்மெட்டின் கண்ணாடியில் துளிகள் விழும். நீராவி வரும் குழாய்க்குப் பக்கத்தில் போனால் கண்ணாடி மங்கும், கொஞ்ச நேரத்தில் தெளியும். பக்கத்தில் ஏதாவது பளிச்சென்று வெடித்தால் கண்ணாடியின் உள்பக்கத்தில் சாமஸின் முகம் ஒரு நொடி தெரியும். முதல் முறை அந்தக் கண்களைப் பார்த்தபோது என் தம்பி கன்ட்ரோலரைக் கீழே போட்டுவிட்டான். அதுவரை நாம் ஒரு கவசத்துக்குள் இருக்கிறோம் என்பதே அவனுக்கு உறைக்கவில்லை. அந்த மெஷினின் முதன்மை நினைவகம் 24 எம்பி. ஜிபி இல்லை, எம்பி. 60 பிரேமில் ஓடியது.

சில கதவுகளைச் சுட்டதும் உடனே திறக்காது, சற்று நிற்கும். அடுத்த அறை டிஸ்க்கிலிருந்து ஏறிக்கொண்டிருக்கும். லிஃப்டில் போகும் நேரமும் அதற்குத்தான். அந்தக் காத்திருப்பைக் கூட அந்த உலகத்தின் பகுதியாக்கி வைத்தார்கள். கிராஃபிக்ஸ் என்றால் எனக்கு அந்த யோசனைதான். பாறையில் எத்தனை கோடு தெரிகிறது என்று நான் எண்ணியதே இல்லை. இந்த 4-லும் அப்படி ஒரு முகம் கண்ணாடியில் தெரிந்தால் எனக்குப் போதும்.

செந்தூல்காரன்

அக்கா, இதை மூன்று முறை படித்தேன். முதல் பிரைம் வந்த வருடம்தான் நான் பிறந்தேன். ரீமாஸ்டர்டில்தான் அந்த முகத்தைப் பார்த்தேன், எனக்கும் மறக்கவில்லை.

ஆனால் நீங்கள் சொன்னதில்தான் என் கேள்வியே இருக்கிறது. 2002-ல் அவர்கள் கேம்கியூபைக் கடைசிச் சொட்டு வரை பிழிந்தார்கள். 24 எம்பி-யில் மழைத்துளியையும் நீராவியையும் கொண்டுவந்தார்கள் என்றால், அந்த மெஷினால் என்ன முடியும் என்று யோசித்து யோசித்துச் செய்தார்கள். இப்போது கையில் 12 ஜிபி இருக்கிறது. இந்த மெஷினுக்கென்று யோசித்த ஒரு மழைத்துளி எங்கே? டிரெய்லரில் நான் அதைத்தான் தேடினேன். கோடு எண்ணவில்லை அக்கா.

பிரேம்_எண்ணி

இது நல்ல கேள்வி. இதற்கு முன் நான் சொன்னதில் பாதியை இது அசைக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

மீதிப் பாதியை விட மாட்டேன். இந்த ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ப்ளிசார்டு கம்பெனி தன் பழைய கேமைப் புதுப்பித்து வெளியிட்ட வார்கிராஃப்ட் 3 ரீஃபோர்ஜ்டுக்கு உருவங்களைச் செய்ததில் நம் மலேசியாவின் லெமன் ஸ்கை ஸ்டூடியோஸுக்குப் பெரிய பங்கு உண்டு. உருவங்களை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள், உழைப்பு தெரியும். ஆனால் 2018-ல் மேடையில் காட்டிய புதுக் காட்சியமைப்பு 2020 ஜனவரியில் கேம் வந்தபோது இல்லை. ஆட்கள் கொதித்தார்கள், கேட்டவர்களுக்கு ப்ளிசார்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. முதலில் பெரிதாகக் காட்டிவிட்டுப் பிறகு குறைத்தார்கள், அதுதான் வலித்தது. மெட்ராய்டு அதைச் செய்யவில்லை. 4கே 60 அல்லது 1080பி 120 என்று ஏப்ரலிலேயே திறந்து சொல்லிவிட்டார்கள். சொன்னதைக் கொடுத்தால் நான் குறை சொல்ல மாட்டேன்.

கெப்போங் அண்ணே, போக்கிமானை எடுத்தீர்களே. 2022-ல் அது எப்படித் திணறியது என்று எல்லோருக்கும் தெரியும். ஜூன் அப்டேட்டுக்குப் பிறகு விளையாடிப் பார்த்தீர்களா? அதே மொட்டை மலை, அதே புல். ஆனால் ஏரிக்கரையில் ஓடும்போது எனக்கு வேறு கேம் போல இருந்தது. பிரேம் நிலையாக நின்றதால் வந்த மாற்றம் அது. அதனால்தான் இந்தப் பெயரையே வைத்துக்கொண்டேன்.

கெப்போங்_வாசி

விளையாடினேன், நன்றாக இருந்தது. ஆனால் மலை மொட்டையாக இருக்கிறது என்று இன்னும் தெளிவாகத் தெரிந்தது. இரண்டும் உண்மை.

தி லாஸ்ட் கார்டியனையும் யோசித்துப் பாருங்கள். 2009-ல் சோனியின் பிஎஸ்3 மெஷினுக்கு அறிவித்தது, 2016 டிசம்பரில் பிஎஸ்4-ல் வந்தது. அவ்வளவு காத்தும் பிஎஸ்4-ல் பிரேம் விழுந்துகொண்டே இருந்தது. பிறகு பிஎஸ்5-ல் அப்டேட் போடாத பழைய டிஸ்க்கை வைத்தால் 60 பிரேமில் ஓடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். அந்தப் பெரிய மிருகத்தின் இறகுகள் அப்போதுதான் எப்படி அசைய வேண்டுமோ அப்படி அசைந்தன. ஒரு கேமுக்கு ஏற்ற மெஷின் சில சமயம் அதற்குப் பின்னால்தான் பிறக்கிறது. அந்த டிஸ்க்கை இன்றும் விற்காமல் வைத்திருக்கிறேன்.

பாயான்_லெப்பாஸ்

செல்டா கேமான பிரெத் ஆஃப் த வைல்டும் அப்படி மெஷின் மாறியதுதான். ஸ்விட்சுக்கு முந்தைய மெஷினான வீ யூ-வுக்கென்று அறிவித்து, தள்ளித் தள்ளி, 2017 மார்ச் 3-ல் வீ யூ, ஸ்விட்ச் இரண்டிலும் வந்தது. வீ யூ-வில் 720பி, ஸ்விட்சில் டாக் போட்டால் 900பி. வித்தியாசம் அவ்வளவுதான். அன்றைக்கு நாம் யாராவது சண்டை போட்டோமா? புல் அசைந்த விதத்தையும், மழையில் பாறை வழுக்கியதையும் பேசிக்கொண்டிருந்தோம்.

செந்தூல்காரன்

சண்டை போடவில்லை, ஏனென்றால் 2017-ல் அது புது மெஷினின் முதல் நாள். இது ஆறு மாதம் கழித்து வருகிறது. ஆனாலும் அந்தப் புல்லை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதற்குமேல் நான் வாதாட மாட்டேன்.

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா

சரி, தம்பி கேட்காமல் விட்ட கேள்விக்கு வருவோம். உன்னிடம் பழைய ஸ்விட்ச் இன்னும் ஓடுகிறதா?

செந்தூல்காரன்

ஓடுகிறது அக்கா. இடது ஸ்டிக் தானாக நகரும், வேறு குறை இல்லை.

பாயான்_லெப்பாஸ்

அப்படியானால் அவசரப்படாதே. பழைய ஸ்விட்சுக்கான கேம் கார்டையே வாங்கு. பிற்பாடு புது மெஷின் வாங்கும்போது அதே கார்டைப் போட்டு, 10 டாலர் அப்கிரேடு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். எப்படியும் வித்தியாசம் அந்த 10 டாலர்தான், எதுவும் வீணாகாது. கேம் வந்ததும் இரண்டிலும் எப்படி ஓடுகிறது என்று பொறுமையாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடு. தீபாவளிக்கு மெஷின் வாங்கி, டிசம்பர் வரை பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பதில் என்ன இருக்கிறது?

கெப்போங்_வாசி

இதற்கு நானும் ஆமாம்.

செந்தூல்காரன்

சரி, கார்டை மட்டும் சொல்லி வைக்கிறேன். ஸ்டிக்கையும் மாற்றிவிடுகிறேன்.

பாறையைப் பற்றி என் கருத்து மாறவில்லை. 12 ஜிபி இருக்கும்போது டெக்ஸ்சரைப் பெரிதாக்காமல் விட்டிருந்தால், டிசம்பரில் இங்கேயே வந்து மறுபடி எழுதுவேன். பிரேம்_எண்ணி அண்ணே, நீங்கள் அப்போது பதில் சொல்ல வேண்டும்.

4-ஆம் தேதி வியாழக்கிழமை, லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மழை பெய்யும் இடம் எதுவும் வந்தால் முதல் வேலையாகத் தலையைத் தூக்கிப் பார்க்கப் போகிறேன் அக்கா.