மறு: மறு: மரபணுவும் வளர்ப்பும் – 'இடைவினை' போதுமா?

[பாலக்கோட்டு வாத்தியார்]

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வளரிளம் பிள்ளைகளின் நடத்தைச் சிக்கல்கள் பற்றி ஆசிரியர்களுக்கு ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அடிதடி, பொய், திருட்டு, மட்டம் போடுவது, இப்படி. ஒரு பத்தியில் மூன்று வாரமாக மாட்டிக்கொண்டேன். ஒரு பிள்ளையின் மரபணு என்ன செய்யும் என்பது அது வளரும் வீட்டைப் பொறுத்தது. வீடு என்ன செய்யும் என்பது மரபணுவைப் பொறுத்தது. இதற்கு ஒரு சொல் வேண்டும்.

'மரபணு–சூழல் இடைவினை' ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதுதான். அதையே போட்டு, எங்கள் கணக்கு ஆசிரியரிடம் படிக்கக் கொடுத்தேன். "பாதி அப்பன், பாதி வீடு. அதானே சார்?" என்றார். அது இல்லையே! கணக்கு வாத்தியாருக்கே கூட்டலாகத் தெரிகிறது என்றால் தவறு சொல்லில்தான் இருக்கிறது.

[ஓசூர் புள்ளியியல்]

ஐயா, இடைவினை நிலைத்துப்போன சொல். அதை ஏன் கலைக்க வேண்டும்? கையேட்டில் ஒரு வரி விளக்கம் சேர்த்தால் தீர்ந்தது. புதுச்சொல் போட்டால் நாளைக்கு மேற்படிப்புக்குப் போகும் பிள்ளை இரண்டு சொல்லைச் சுமக்க வேண்டும்.

[கிருஷ்ணகிரி மாந்தோப்பு]

நம் ஊர்ச் சொல்லாக 'ஒட்டு' வைக்கலாமே அண்ணா? சந்தூர்ப் பக்கம் போனால் தெருவுக்குத் தெரு ஒட்டு மாங்கன்றுதான். அடிக்கன்று ஒன்று, மேலே கட்டும் குச்சி வேறொன்று. இரண்டும் ஒன்றாகி ஒரு மரம். 'மரபுச்சூழல் ஒட்டு'. படித்ததும் கண்ணில் படம் வருகிறது.

[பாலக்கோட்டு வாத்தியார்]

தம்பி, படம் வருகிறது, ஆனால் தப்பான படம். பெங்களூராக் குச்சியை எந்த அடிக்கன்றில் கட்டினாலும் காய்ப்பது பெங்களூராதான். அடிக்கன்று மரத்தின் வளர்த்தியை மாற்றும், ரகத்தை மாற்றாது. ஆசிரியர்கள் என்ன முடிவுக்கு வருவார்கள்? "குச்சி எதுவோ காய் அதுவே." நான் எதை உடைக்கப் பார்க்கிறேனோ அதற்கே முட்டுக் கொடுத்ததாகிவிடும்.

மாமரத்தைவிட ராகிப் பயிர் எனக்கு உதவுகிறது. ஒரு ரகம் மானாவாரிச் செம்மண்ணில் முந்தும். இறவையில் கொண்டுபோய்ப் போட்டால் வேறொரு ரகம் அதைத் தாண்டிவிடும். எது நல்ல ரகம் என்று கேட்டால், எந்த மண்ணில் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையம் மாதிரி இடங்களில் ஒரே ரகத்தைப் பல ஊரில் விதைத்துப் பார்த்துவிட்டு வெளியிடுவது இதனால்தான். உயிரியலாளர் ஹால்டேன் 1946இலேயே இயல்பும் வளர்ப்பும் பற்றிய கட்டுரையில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். (1957இல் இந்தியாவுக்கே குடிவந்து 1964இல் புவனேசுவரத்தில் காலமானவர். அவரைப் பற்றித் தமிழில் இன்னும் எழுதலாம்.)

சரி, பிள்ளைகள் விஷயம். நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972–73இல் பிறந்த 1,037 பேரைச் சிறு வயது முதல் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள். அவர்களில் 442 ஆண்களை வைத்து காஸ்பி, மோஃபிட் குழுவினர் 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மூளையில் செரோட்டோனின், டோபமின் போன்றவற்றைச் சிதைக்கும் நொதிக்கான 'எம்ஏஓஏ' மரபணு சிலரிடம் மந்தமாக வேலை செய்யும். மந்தமாக இருந்தும் சிறு வயதில் கொடுமைக்கு ஆளாகாத பையன்கள் மற்றவர்களைவிடக் கெட்டுப்போகவில்லை. மந்தமும் கொடுமையும் ஒருசேர வாய்த்தவர்கள் 12 விழுக்காடுதான். ஆனால் அந்த மொத்தக் கூட்டத்தின் வன்முறைத் தண்டனைகளில் 44 விழுக்காடு அவர்கள் பேரில் இருந்தது. பிறகு வந்த ஆய்வுகள் சில ஒத்துப்போயின, சில ஒத்துவரவில்லை. இப்போது யாரும் ஒற்றை மரபணுவை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. சிறு சிறு பங்குள்ள ஏராளமான மரபணுக்களைச் சேர்த்தே பார்க்கிறார்கள். 'வன்முறை மரபணு' என்ற சொல் என் கையேட்டில் வராது.

ஒன்றின் விளைவு மற்றொன்றைச் சார்ந்திருக்கிறது என்பதுதான் இதில் சாரம். ஆகவே என் முன்மொழிவு: *மரபணு–சூழல் சார்விளைவு*. பக்கவிளைவு, பின்விளைவு என்ற வரிசையில் தானாகப் போய் உட்காரும்.

'களி கிண்டும்போது மாவு எத்தனை பங்கு, தீ எத்தனை பங்கு?' என்று கையேட்டில் ஒரு பெட்டிச்செய்தியும் போடப்போகிறேன். நம் மாவட்டத்து ஆசிரியருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

[அரூர் ஆலோசகர்]

வணக்கம் சார். பள்ளிப் பிள்ளைகளோடு பேசுவது என் வேலை என்பதால் சொல்கிறேன். நீங்கள் 'சார்விளைவு' என்ற பின்பாதியைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். எனக்கு 'மரபணு–சூழல்' என்ற முன்பாதியே பயம்.

'மரபு', 'பரம்பரை' என்ற வாடை வந்தாலே ஆசிரியர் அறையில் என்ன பேச்சு வரும் என்று உங்களுக்குத் தெரியும். "அவங்க ரத்தமே அப்படித்தான்." அது சாதியில் போய் முடியும். சரி, மறுபக்கம் 'வளர்ப்பு' என்று எழுதினால்? 'வளர்ப்பு சரியில்லை' என்பது நம் ஊரில் விளக்கமா, வசவா? அம்மாவை நிற்க வைத்துத் திட்டுவதற்கென்றே இருக்கிற வாக்கியம் அது. அப்பா அம்மா இரண்டு பேரும் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்க, ஆயாவிடம் வளர்கிற பையன் ஒருவனுக்காகப் போன மாதம் ஒரு கூட்டம் நடந்தது. அங்கே கூடியிருந்தவர்கள் எல்லாரும் இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். ஆயா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

'சூழல்' பரவாயில்லை. ஆனால் நம் பக்கம் சூழல் என்றால் ஃபுளோரைடு தண்ணீர், இல்லாவிட்டால் மரக்கன்று நடு விழா. 'வாழ்சூழல்' என்று போட்டால் வீடு, தெரு, பள்ளி மூன்றும் உள்ளே வரும்.

மரபணுவுக்குப் பதிலாக 'வாகு' வைக்க முடியுமா? உடல்வாகு, மண்வாகு என்கிறோம். அதில் பழி இல்லை.

[பாலக்கோட்டு வாத்தியார்]

அம்மா, அந்த ஆயாவை நினைத்துக்கொண்டு நேற்று இரவு பத்தியை முழுதாக மாற்றி எழுதினேன்.

'வாகு' அருமையான சொல். ஆனால் மரபணுவுக்கு நிகராகாது. வாகு என்பது மரபணுவும் கருப்பைக் காலமும் பால்குடிப் பருவமும் சேர்ந்து ஆகிவந்தது. அதைப் 'பிறவி மனப்போக்கு' வரும் இடத்துக்கு எடுத்துக்கொள்கிறேன்: 'மனவாகு'. கலைச்சொல்லில் மரபணுவை விட முடியாது. வாழ்சூழலை அப்படியே ஏற்கிறேன்.

இன்னொரு சிக்கல். சார்விளைவோடு குழம்பும் இரட்டைப்பிறவி ஒன்று உண்டு: மரபணுவும் சூழலும் ஒன்றையொன்று கூட்டிக்கொண்டு வருவது. முன்கோபக்கார அப்பன் பிள்ளைக்கு மரபணுவையும் தருகிறான், அடிதடி நடக்கும் வீட்டையும் தருகிறான். துறுதுறுவென்ற பையன் வாத்தியாரின் எரிச்சலைத் தானே கிளப்பிக்கொள்கிறான். பெரியவனானதும் தன்னைப் போன்ற சேர்க்கையைத் தேடிப் போகிறான். 1977இலிருந்து இதை மூன்று வகையாகப் பிரித்துப் பேசுகிறார்கள். தமிழில் 'தானாய் அமைவது, தூண்டி வருவது, தேடிப் போவது' என்று எழுதியிருக்கிறேன். இந்த இடத்தில் மட்டும் தமிழ் தானே கை கொடுத்தது.

பாடநூல் வழியில் போனால் இது 'மரபணு–சூழல் ஒட்டுறவு'. இரண்டு அளவுகள் சேர்ந்தே மாறுவதற்குப் புள்ளியியல் வைத்த பெயர் ஒட்டுறவு. நடத்தை பற்றிய கையேட்டில் அதை எப்படிப் போடுவது? "வீட்டில ஒட்டுறவே இல்லைங்க" என்று ஒரு தாய் சொல்வது வேறு ஒட்டுறவு. 'உடன்வரவு' என்று மாற்ற நினைக்கிறேன்.

[ஓசூர் புள்ளியியல்]

உடன்வரவுக்கு நான் தலையாட்டுகிறேன் ஐயா. நடத்தையியலுக்குள் மட்டும் இருக்கட்டும், புள்ளியியலில் அந்த உறவை அளக்கும் 'ஒட்டுறவுக் கெழு' என்ற பெயரைத் தொடாதீர்கள். சார்விளைவில் ஒரு நெருடல்: புள்ளியியலில் 'சார்ந்த மாறி', கணிதத்தில் 'சார்பு' இரண்டும் ஏற்கெனவே உண்டு. 'சார்ந்த மாறியில் தெரியும் சார்விளைவு' என்று எழுத நேர்ந்தால் நாக்கு சுளுக்கும். 'பொறுத்துவிளைவு' ஆகுமா?

[அரூர் ஆலோசகர்]

ஆகாது சார். பாதிப் பேர் 'பொருத்து' என்று தட்டச்சு செய்வார்கள், மீதிப் பேர் 'பொறுமை' என்று படிப்பார்கள்.

[ஓசூர் புள்ளியியல்]

ஒப்புக்கொண்டேன் அம்மா. சார்விளைவே இருக்கட்டும். முதல்முறை வரும் இடத்தில் 'இடைவினை என்றும் வழங்கும்' என்று மட்டும் சேர்த்துவிடுங்கள் ஐயா.

[பாலக்கோட்டு வாத்தியார்]

சேர்த்தாயிற்று. அச்சுக்குப் போகும் வரி இது:

"கொடுமைக்கு ஆளான எல்லாப் பிள்ளைகளும் முரடர்களாவதில்லை, ஒரே வீட்டு அண்ணன் தம்பியே வேறு வேறாக வருவார்கள். மரபணுவின் தாக்கமும் வாழ்சூழலின் தாக்கமும் ஒன்றையொன்று சார்ந்திருப்பதே காரணங்களில் முக்கியமானது. இதை மரபணு–வாழ்சூழல் சார்விளைவு (இடைவினை என்றும் வழங்கும்) என்கிறோம். மரபணுவை மாற்ற ஆசிரியரால் முடியாது. வகுப்பறை வாழ்சூழலில் சேர்த்தி."

[கிருஷ்ணகிரி மாந்தோப்பு]

அண்ணா, புணர்ச்சி விதிப்படி 'வாழ்சூழற்சார்விளைவு' என்றல்லவா வர வேண்டும்?

[பாலக்கோட்டு வாத்தியார்]

வர வேண்டும்தான் தம்பி. ஆனால் எங்கள் கணக்கு வாத்தியார் அதைச் 'சுழற்சி' என்று படித்துவிட்டு, எத்தனை சுற்று என்று கேட்பார். நடுவில் இடம் விட்டே போகட்டும்.